கல்லறையில் உடல் இல்லை: திருவனந்தபுரம் கரையிலிருந்து ஓர் உயிர்ப்புக்கால வாசிப்பு

உயிர்ப்புப் பெருவிழா மறையுரைகளில் வெறுங்கல்லறை வெற்றிச் செய்தியாகவே வருகிறது. கல் புரண்டது, சாவு தோற்றது, அல்லேலூயா. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நற்செய்தி நூல்கள் அந்தக் காலைப் பொழுதை இவ்வளவு விரைவாகக் கடந்துவிடுவதில்லை. யோவான் எழுதியதில் மகதலா மரியா இருட்டோடு இருட்டாகக் கல்லறைக்கு வருகிறார். கல் விலகிக் கிடக்கிறது. உயிர்த்திருப்பார் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று சீடர்களிடம் ஓடுகிறார், திரும்பி வந்து வெளியே நின்று அழுகிறார். தோட்டக்காரர் என்று தாம் நினைத்தவரிடம், உடல் இருக்கும் இடத்தைக் காட்டினால் தாமே தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்கிறார். ஒரு பெண் தனியாகப் பிணத்தைச் சுமக்க முடியுமா என்ற கணக்கெல்லாம் அந்தப் பேச்சில் இல்லை. மாற்கின் முடிவு இன்னும் கடுமை. சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ஆகிய 4ஆம் நூற்றாண்டுப் படிகளில் அந்த நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். அச்சத்தால் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

ஆங்கிலேய மறைநூல் அறிஞர் என்.டி. ரைட் 2003இல் வெளியிட்ட உயிர்ப்பு பற்றிய பெருநூலில் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: வெறுங்கல்லறை மட்டும் இருந்து, உயிர்த்தவர் தோன்றாமல் போயிருந்தால், அது ஒரு புதிராகவும் துயரமாகவுமே எஞ்சியிருக்கும். அதாவது, முதலில் அது இரண்டாவது இழப்பாக வந்தது. உயிர் போனது வெள்ளிக்கிழமை. உடலும் போனது ஞாயிற்றுக்கிழமை.

இந்த இரண்டாவது இழப்பை நாம் அல்லேலூயாவுக்கு வழிவிடும் முன்னுரையாக்கிவிட்டோம். திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கடலோர ஊர்கள் அப்படிச் செய்ய முடியாது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலுக்குப் பிறகு அங்கே உயிர்ப்பு நற்செய்தியை வேறு காதோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த உயர்மறைமாவட்டத்தின் வரைபடத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விவரம். 1937இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் பிரிந்தபோது, குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்துக்கு மேற்கே உள்ள கடற்கரையும் அதனோடு வந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. மாநில எல்லை மாறியது, திருச்சபையின் எல்லை மாறவில்லை. ஆகவே நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய எட்டுத் தமிழ் ஊர்களும் குடும்ப அட்டைக்கு நாகர்கோவிலையும் ஆயருக்குத் திருவனந்தபுரத்தையும் நோக்கி நிற்கின்றன. நெடுங்காலம் பேராயராக இருந்த சூசைபாக்கியம் ஆண்டகை மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். பாளையம் புனித யோசேப்பு பேராலயத்தில் ஒரு தமிழ்க் கரையூர்க்காரர் மலையாளத்தில் மறையுரை ஆற்றிய ஆண்டுகள் அவை.

இந்தக் கரை விசுவாசம் பெற்ற கதை நன்கு தெரிந்ததுதான். பிரான்சிஸ் சவேரியார் 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எண்ணிக்கையைவிட அவர் முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்குத் தமிழ் வராது. இரு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் மற்றச் செபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1578இல் அன்றிக்கு அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ அந்த வழியின் அச்சு வடிவம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், ஒரு செபப் பாடநூல். ஆக, எழுத்தறிவு வருவதற்கு வெகு முன்பே இந்த ஊர்களில் மூன்று செய்திகள் நாவில் ஏறிவிட்டன: அவர் அடக்கம் செய்யப்பட்டார், இறந்தோரின் இடத்துக்கு இறங்கினார், மூன்றாம் நாள் எழுந்தார். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டாக இந்தக் கரை அதைச் சொல்லிவருகிறது.

இனி ஒக்கி. தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர் போனவர்கள். ஒருமுறை போனால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர்கள். நவம்பர் இறுதியில் அவர்களுடைய விசைப்படகுகள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தன. கேரளத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்துச் சிறு வள்ளங்களோ முந்தின நாள் வழக்கம்போலப் போனவை. இலங்கைக்குத் தெற்கே உருவான தாழ்வழுத்தம் மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுப்பெற்றது. புயல் என்று பெயர் சொல்லி எச்சரிக்கை வந்தபோது 30ஆம் தேதி நண்பகல் நெருங்கிவிட்டது. அதைக் கேட்க வேண்டியவர்கள் கைபேசி அலை எட்டாத இடத்தில் இருந்தார்கள். இறந்தவர்களும் திரும்பாதவர்களுமாக இரு மாநிலங்களிலும் இருநூறு பேருக்கு மேல். அவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. கேரளத்தின் வடக்குக் கரை வரை ஒதுங்கிய உடல்களை அடையாளம் காண டி.என்.ஏ. பரிசோதனை தேவைப்பட்டது.

நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். பேதுருவின் சகோதரர், வலையை விட்டுவிட்டு வந்த முதல் இருவரில் ஒருவர், மீனவர்களின் பாதுகாவலர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடற்கரையில் அவர் பெயரையே தாங்கிய ஊர் உண்டு. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது: கிறிஸ்தவ எதிர்நோக்கைப் பற்றித் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் எழுதிய ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடலின் தேதி 2007 நவம்பர் 30. அதற்குப் பத்தாண்டு கழித்து அதே நாளில் புயல். இதற்குள் இறைத்திட்டம் எதையும் தேடுகிறவன் அல்லன் நான்; அப்படித் தேடுவோரின் பேச்சு துக்க வீட்டில் கேட்கக் கூசும். ஆனால் எதிர்நோக்கைப் பற்றிய ஒரு மடல், அது எழுதப்பட்ட நாளிலேயே, எந்தக் கரையில் சோதிக்கப்பட வேண்டுமோ அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் குறித்துவைக்கலாம்.

டிசம்பர் 7 அன்று எட்டு ஊர்களின் மக்களும் பிற கரையூர் மக்களும் ஆயிரக்கணக்கில் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். இழப்பீடும் கோரிக்கையில் இருந்தது. ஆனால் முதல் கோரிக்கை தேடுங்கள் என்பது. எங்கே என்று சொல்லுங்கள், நாங்கள் எடுத்துவந்து கொள்கிறோம் என்ற மகதலா மரியாவின் தர்க்கம் அங்கே ஆயிரம் வாய்களில் இருந்தது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நம் இலக்கணம் வகுத்தது. குழித்துறையில் அந்த இரங்கல் கரையில் நின்று புலம்பவில்லை; ரயிலை மறித்தது.

சட்டத்துக்கு வேறு கணக்கு. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் அவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்றது 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை அவர் வீட்டுப் பெண் மனைவியா, கைம்பெண்ணா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசுகள் இந்தக் காத்திருப்பைக் குறைத்து, திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்கின. நல்ல முடிவு. ஆனால் காகிதத்தில் சாவை ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டால்தான் பணம். உடலைப் பார்க்காமல் சாவுக்குக் கையெழுத்திட ஒரு தாயால் எப்படி முடியும் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள், இதே ஊர்களில் எப்படி நடக்கும் என்று தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாருக்கும் தெரியும். கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரித்துப் போகும் வரை காத்திருப்பார்கள். மெழுகுதிரி ஏற்ற இடம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகரத்து அத்தனகோரா உயிர்ப்பைப் பற்றி எழுதியபோது அவர் எதிர்கொண்ட முதல் ஏளனமே இதுதான். கப்பல் உடைந்து மூழ்கியவனை மீன் தின்றது. அந்த மீனை இன்னொருவன் தின்றான். உயிர்ப்பு நாளில் எந்த உடல் யாருக்கு? கடலோரத்தில் இது வெறும் தத்துவ விளையாட்டு அல்ல. 2004 சுனாமிக்குப் பின் தமிழகத்தில் இதே அச்சத்தால் மக்கள் மீன் வாங்காமல் இருந்தார்கள். மீனவர்கள் உறவுகளையும் இழந்து பிழைப்பையும் இழந்தார்கள். படைத்தவருக்கு அணுக்களைப் பிரித்தறிவது கடினமில்லை என்பது அத்தனகோராவின் பதில். எனக்கு அந்தப் பதிலில் அவ்வளவு ஆர்வம் இல்லை. உடல் முக்கியமில்லை, ஆன்மா போதும் என்று சொல்லி அவர் எளிதில் தப்பியிருக்கலாம். கிரேக்கச் சூழலில் அதைக் கேட்டுப் பலர் தலையாட்டியிருப்பார்கள். அவர் தப்பவில்லை, மீன் தின்ற உடலும் கடவுளுக்கு உரியது என்று நின்றார்.

அகுஸ்தீனார் இரண்டு இடங்களில் இதைத் தொடுகிறார். 410இல் உரோமை சூறையாடப்பட்டபோது புதைக்கப்படாமல் கிடந்த உடல்களைப் பற்றி ‘கடவுளின் நகர’த்தின் முதல் நூலில் எழுதினார். பிறகு நோலா ஆயர் பவுலினுக்கு எழுதிய சிறுநூலில், இறந்தோருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்று ஆராய்ந்தார். இரண்டின் சாரமும் ஒன்று: அடக்கம் கிடைக்காததால் இறந்தவருக்கு எந்தக் குறையும் இல்லை; அடக்கச் சடங்கு உயிரோடிருப்பவருக்கான ஆறுதல். முதல் பாதியைச் சொல்லி நாம் துக்க வீட்டிலிருந்து எழுந்துவிடுகிறோம். இரண்டாம் பாதியை யோசித்தால், வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் உயிரோடிருப்பவர்களுக்கு உரிய ஆறுதல் ஒன்று கடலில் போயிருக்கிறது என்பதை அகுஸ்தீனாரே ஒப்புக்கொள்கிறார் என்று தெரியும். உடல் இல்லாமலும் இறந்தோர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், திருவழிபாட்டு ஒழுங்கு அதற்கு இடம் தருகிறது. இருந்தும் கையால் ஒரு பிடி மண் போடாத துக்கம் முடிவதில்லை.

இங்கேதான் பெரிய சனி எனக்கு முக்கியமாகிறது. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே அது ஒரு வெற்று நாளாகக் கழிகிறது. கோயிலைக் கழுவி, பீடத்துக்குப் பூ கட்டும் நாள். ஆனால் விசுவாசப் பிரமாணம் அந்த நாளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது: அவர் இறந்தோரின் இடத்துக்கு இறங்கினார். கீழைத் திருச்சபைகளின் உயிர்ப்பு ஓவியம் கல்லறையைக் காட்டுவதே இல்லை. பாதாளத்தின் உடைந்த கதவுகள் மேல் நின்று ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தெடுக்கும் கிறிஸ்துவைத்தான் காட்டுகிறது. 373இல் மறைந்த சிரிய மறைவல்லுநர் எப்ரேம் தம் நிசிபிஸ் பாடல்களில் சாவையும் பாதாளத்தையும் பேசவைத்து, இந்த இறக்கத்தை ஒரு நாடகமாகவே ஆக்கினார். பட்டம் புனித மரியா பேராலயத்தின் மலங்கரை வழிபாடு அந்தச் சிரிய மரபின் வாரிசு. ஒரே நகரத்தில் இலத்தீன் மீனவரும் சிரிய மரபினரும் இருந்தும் இந்தப் பெரிய சனிச் செல்வம் நம் கரைக்கு வந்து சேரவில்லை என்பது என் குறை. இன்னும் பழைய ஓவியம் யோனா. உரோமை நிலத்தடிக் கல்லறைகளின் சுவர்களில் உயிர்ப்பைச் சொல்ல முதல் கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்ப வரைந்தது மீனால் விழுங்கப்பட்டு வெளியே உமிழப்பட்ட அந்த மனிதரைத்தான். இந்தத் தலைமுறைக்கு யோனாவின் அடையாளத்தைத் தவிர வேறு அடையாளம் தரப்படாது என்று இயேசுவே சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். கல்லறை இல்லாத சாவு, கடலடியில் மூன்று நாள். இந்த அடையாளத்தைத் தேர்ந்தவர் உடல் கிடைக்காதவர்களை மறந்துவிட்டுத் தேர்ந்திருக்க முடியாது.

‘ஸ்பே சால்வி’ எதிர்நோக்கை வெறும் தகவலாக அல்லாமல் வாழ்வை மாற்றும் செயலாகக் காண்கிறது. சூடானில் அடிமையாக விற்கப்பட்ட பக்கிதாவைச் சான்றாக நிறுத்துகிறது. 2024இல் மறைந்த ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1964இல் எழுதிய ‘எதிர்நோக்கின் இறையியல்’ அதைவிடக் கரடுமுரடானது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது பக்கத்திலிருந்த நண்பன் கண்முன்னே சாக, தான் பிழைத்து, பிறகு போர்க்கைதி முகாமில் விவிலியத்தைத் திறந்தவர் அவர். எதிர்நோக்கு உள்ளவன் உலகத்தோடு சமாதானமாகிவிடுவதில்லை, இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவனாகிறான் என்பது அவர் வாதம். எல்லாம் சரியாகிவிடும் என்ற நல்ல வார்த்தைக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. குழித்துறைத் தண்டவாளத்தில் அமர்ந்தவர்கள் மோல்ட்மனைப் படித்தவர்கள் அல்லர்.

இதே கரையிலுள்ள தும்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது என்பதற்காக விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவுதளத்துக்கு 1962இல் இந்த மீனவர் ஊரைத் தேர்ந்தார். அங்கிருந்த கோயில் மகதலா மரியாவின் பெயரில் அமைந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே கேட்டு, அவர்கள் இசைவோடு இடத்தைக் கொடுத்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அங்கிருந்த பள்ளித்துறை மக்கள் வீடுகளையும் கோயிலையும் விட்டு இடம் மாறினார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏறியது. கோயில் கட்டடம் அலுவலகமாகி, இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22ஆம் நாள் நினைவைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தியபோது, 591இல் பெரிய கிரகோரியார் ஆற்றிய ஒரு மறையுரையால் பாவிப் பெண்ணோடு குழப்பப்பட்ட மகதலா மரியாவுக்கு நெடுநாள் கடன் தீர்ந்தது. அவர் பெயரிலிருந்த கோயிலைத் திருத்தூதுப் பணிக்குப் பதில் அறிவியலுக்குக் கொடுத்ததில் இழப்பு ஒன்றுமில்லை என்றே நான் நினைக்கிறேன். கேள்வி வேறு. வானத்தைப் பார்க்கத் தங்கள் நிலத்தைக் கொடுத்த கரைக்கு, வானத்திலிருந்து ஒரு எச்சரிக்கை வந்துசேர 2017இல் வழி இல்லை. ஒக்கிக்குப் பிறகே ஆழ்கடல் படகுகளுக்கு ‘நாவிக்’ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. 2019இல் ஹைதராபாத் பெருங்கடல் தகவல் மையம் ‘ஜெமினி’ கருவியை வெளியிட்டது. இவற்றை எதிர்நோக்கின் இறையியலுக்கு வெளியே வைக்க எனக்கு மனமில்லை. உடல் உயிர்க்கும் என்று நம்புகிறவர்களுக்கு உடல் மூழ்காமல் காப்பதும் விசுவாசத்தின் வேலைதான்.

2018இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 1. புயலுக்குப் பின் நான்கு மாதம். பாஸ்கா திருவிழிப்பில் கோயிலுக்கு வெளியே தீ மூட்டி, அந்த ஆண்டின் நான்கு எண்களைப் பாஸ்கா திரியில் பொறித்து, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது எங்கும் உள்ள ஒழுங்கு. திருமுழுக்கு என்பதே நீருக்குள் அமிழ்ந்து எழுவது என்று பவுல் உரோமையருக்கு எழுதிய பகுதியும் அந்த இரவில் வாசிக்கப்படும். நீரால் ஆண்களை இழந்த பங்குகளில் அந்த வாசகத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை வெளியில் இருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆனால் அடுத்து நடந்தது பொதுப்பதிவில் இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளிலிருந்து லாரிகளில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு மீனவர்கள் பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போனார்கள். மாநிலம் முழுவதுமாகப் பல நூறு படகுகள், பல ஆயிரம் மீனவர்கள், மீட்கப்பட்டவர்கள் பல்லாயிரம். எட்டரை மாதத்துக்கு முன் தங்களைத் தேடி யாரும் உரிய நேரத்தில் வரவில்லை என்று மனம் வெந்தவர்கள் இவர்கள். தங்களை இரண்டாந்தரமாக நடத்திவந்த உள்நாட்டு ஊர்களின் மாடிகளுக்குத் தங்கள் வள்ளத்தைத் தாங்களே ஓட்டினார்கள். அரசு அவர்களைப் பாராட்டிக் கேரளத்தின் சொந்தப் படை என்றது. கடற்கரைக்கு அந்தப் பட்டத்தைவிடக் கடல் அரிப்பைத் தடுக்கும் சுவர் அதிகம் பயன்பட்டிருக்கும். வலியதுறையில் வீடு இழந்தவர்கள் சிமெண்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்தை எதிர்த்து மாதக்கணக்கில் போராட்டம் நடந்ததும் பிறகு வந்தவை.

யோவானின் கடைசி அதிகாரம் மீனவர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஏழு சீடர்கள் இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் நிற்பவர் மறையுரை சொல்லவில்லை. சாப்பிட ஏதாவது பட்டதா என்று கேட்கிறார். பிறகு 153 மீன். கரையேறினால் கரியடுப்பில் மீன் சுட்டுக்கொண்டிருக்கிறது, அப்பமும் உண்டு. கரித்தீயைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் அதே நூலில் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது: பேதுரு குளிர்காய்ந்தபடி மறுதலித்த முற்றத்தில். மறுதலித்தவனுக்கும் சாப்பாடு. லூக்கா இன்னும் ஒரு படி போய், உயிர்த்தவர் சுட்ட மீனைச் சீடர்கள் கண்முன் வாங்கி உண்டதாக எழுதுகிறார். அத்தனகோராவை ஏளனம் செய்தவர்களுக்கு நற்செய்தியின் பதில் இதுவாகத்தான் இருக்க முடியும்: உயிர்த்த உடல் காயங்களோடு இருக்கிறது, மீன் தின்கிறது.

ஒரு சங்கடம் மட்டும் எஞ்சுகிறது. திருவெளிப்பாட்டு நூலின் 21ஆம் அதிகாரத்தில் புதிய வானமும் புதிய மண்ணும் வரும்போது கடல் இல்லாமல் போகிறது. பத்மு தீவில் நாடு கடத்தப்பட்டுக் கிடந்த யோவானுக்குக் கடல் தன் சபைகளிலிருந்து தன்னைப் பிரித்த சுவர். அது போவது விடுதலை. தூத்தூர்க்காரருக்குக் கடல் இல்லாத விண்ணகம் எந்த ஊர்? இந்த வசனத்துக்கு என்னிடம் நல்ல விளக்கம் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தில், தீர்ப்பு நாளில், சாவுக்கும் பாதாளத்துக்கும் முன்னால் கடலின் பெயர்தான் முதலில் வருகிறது. தன்னிடமிருந்த இறந்தோரை அது ஒப்படைக்கிறது. கடல் போவது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றி மறையுரை வைக்கும் குருக்களிடம் நான் வாதாடுவேன்.